ஒட்டகச்சிவிங்கிக்கு ஜோடி வந்த வருஷம்

பெரிய காரியங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கனவு இருக்கும் என்று மேடையில் பேசுவார்கள். நான் கண்ணால் பார்த்த பெரிய காரியம் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருந்தது ஒரு சோஃபா.

எங்கள் முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். அவருடைய சிநேகிதர் ஒருவர் அவருக்கு ஒரு சிங்கக்குட்டியைப் பரிசாகக் கொடுத்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமீரகத்துப் பணக்காரர்கள் சிலர் இப்படியும் அன்பு காட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் எவர்சில்வர் குடம் கொடுப்போம், அங்கே சிங்கம், அவ்வளவுதான் வித்தியாசம். குட்டி வரவேற்பறையில் செல்லமாக வளர்ந்தது. ஒரு மத்தியானம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து தருவித்த சோஃபாவைக் கிழித்துப் பஞ்சாக்கிவிட்டது. சிங்கம் இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று வீட்டம்மா சொல்லிவிட்டாராம். அர்பாப் நியாயமான மனிதர், இருவரையும் கைவிடவில்லை. நகரத்துக்கு வெளியே பாலைவனத்தில் இருந்த தன்னுடைய பேரீச்சந்தோட்டத்தில் சிங்கத்துக்குக் கூண்டு கட்டினார். அந்த வட்டாரத்தின் மிகப்பெரிய மிருகக்காட்சிசாலை இப்படித்தான் உதயமாயிற்று. பிற்பாடு திறப்பு விழாவில் கொடுத்த பளபளப்பான புத்தகத்தில் 'வனவிலங்குகள் மீது சிறுவயது முதல் கொண்ட காதல்' என்று அச்சடித்திருந்தார்கள். சோஃபாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சிங்கத்துக்குக் கூண்டு இருக்கிறது என்று தெரிந்ததும் அர்பாபின் மற்ற சிநேகிதர்களுக்கும் தாராள மனசு வந்துவிட்டது. வளர்த்துச் சலித்துப்போன கரடி, காரில் ஏற மறுத்த சிறுத்தை, விருந்தாளியைக் கடித்த குரங்கு எல்லாம் பரிசுப்பொருள்களாக வந்து சேர்ந்தன. அர்பாபுக்கு மறுக்கத் தெரியாது. வந்ததற்கெல்லாம் கூண்டு கட்டக் கட்ட, ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் தோட்டத்தில் பேரீச்சைதான் குறைவு. அப்புறம்தான் இதை ஜூவாகவே நடத்தலாம் என்ற யோசனை அவருக்கு வந்தது.

நான் அந்தச் சமயத்தில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு ஏசி ரிப்பேர் கடையில் இருந்தேன். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து விமானம் ஏறியபோது எனக்கு ஏசியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது குளிரும் என்பதுதான். ஆனால் வளைகுடாவில் நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையைக் கேட்டாலும் 'தெரியும்' என்று சொல்லிவிட வேண்டும். தெரியாது என்று சொன்னவனுக்கு அடுத்த விமானம். தெரியும் என்று சொன்னவனுக்குக் கற்றுக்கொள்ள ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கும். ரூமில் யாராவது ஒருவனுக்கு அந்த வேலை பாதியாவது தெரிந்திருக்கும், அவன் சொல்லிக் கொடுப்பான். கட்டிடம், பாலம், ஆஸ்பத்திரி என்று நாங்கள் எழுப்பிய பல விஷயங்கள் இந்தப் பாதித் தெரிதலின் மேல்தான் நிற்கின்றன. இன்னும் விழவில்லை, அல்லாஹ் பெரியவன்.

ஒரு நாள் கடையிலிருந்து என்னைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள், ஏசி ஓடவில்லை என்று. போய்ப் பார்த்தால் ரூமுக்குள் கரடி. நடுவில் ஒரு கம்பிக் கதவு. அர்பாப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாலூம்?" என்று கேட்டார், தெரியுமா என்று. "மாலூம்" என்றேன். கரடி என்னைப் பார்த்துக்கொண்டேயிருக்க, கம்ப்ரசரை மாற்றினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் வேலை செய்ததில்லை. அந்த வேகத்தைத் திறமை என்று அர்பாப் நினைத்துக்கொண்டார். தண்ணீர் பம்ப் தெரியுமா என்றார், தெரியும் என்றேன். வெல்டிங்? தெரியும். நீ ஹிந்தி ஆள்தானே (இந்தியாக்காரர்களை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), யானை? எங்கள் ஊர்ச் சந்தனக்கூட்டில் ஊர்வலம் போன யானையை எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். அதையும் தெரியும் என்றேன்.

ஒரே மாதத்தில் என் விசாவைக் கடையிலிருந்து ஜூவுக்கு மாற்றிவிட்டார்கள். விசாவில் தொழில் என்ற இடத்தில் 'லேபர்' என்று போட்டிருந்தது, அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்ததாம். என்ன எழுதினால் என்ன, சம்பளம் வந்தால் சரி என்று இருந்துவிட்டேன்.

ஜூவின் மேனேஜர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் மூத்தவர்களைக் காக்கா என்று கூப்பிடுவோம், அவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன். அர்பாபிடம் எது சொல்ல வேண்டுமானாலும் காக்கா வழியாகத்தான் சொல்ல வேண்டும். அர்பாப் எங்களிடம் எது சொன்னாலும் அவர் வழியாகத்தான் வரும், வரும்போது கொஞ்சம் காரம் கூடியிருக்கும். நல்ல மனிதர்தான், தொழுகை தவறாதவர். அதனால்தான் அவர்மேல் சந்தேகம் வர எனக்கு அவ்வளவு நாளாயிற்று.

மிருகங்களுக்கு நாங்கள் செய்துகொடுத்த வசதிகளைச் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். கரடிக்குத் தனி ஏசி. பெங்குவின் வேண்டும் என்று அர்பாப் ஆசைப்பட்டார், அதற்கு ஒரு ஐஸ் ரூம் கட்டினோம். பெங்குவின் கடைசிவரை வரவில்லை, அந்த ரூமில் காக்கா மீன் வைத்துக்கொண்டார். எங்களுக்கும் ஏசி இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ரூமில் ஆறு பேருக்கு ஒன்று. ஒரு ஜூலையில் கரடியின் ஏசி கெட்டுப்போய், பார்ட்ஸ் வரும்வரை எங்கள் ரூம் ஏசியைக் கழற்றிக் கரடிக்கு மாட்டச் சொன்னார்கள். கழற்றியவன் நான் என்பதால் ரூம்காரர்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மொட்டைமாடியில் ஈரத்துணி விரித்துப் படுத்துக்கொண்டு, குளிர் நாட்டுப் பிராணி, பாவம், என்று எங்களுக்கு நாங்களே ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். ஊரிலிருந்து கிளம்பும்போதே எனக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த தெருப் பெண். ஒரு முறை, ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குப் போகிற அவசரத்தில் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அது போதும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியது. இரண்டு வருஷத்தில் லீவு, லீவில் நிக்காஹ் என்று பேச்சு.

இரண்டு வருஷம் முடிந்ததும் காக்காவிடம் லீவு கேட்டேன். "ஓப்பனிங் முடியட்டும் தம்பி" என்றார்.

அந்த ஓப்பனிங் ஒரு விசித்திரமான ஜந்து. கிட்டே போகப் போகத் தள்ளிப் போகும். எல்லாக் கூண்டும் தயார், பெயிண்டும் அடித்தாயிற்று என்கிறபோது அர்பாபுக்கு யாராவது ஒரு நீர்யானையை விலை சொல்லுவார்கள். நீர்யானைக்குக் குளம் வெட்ட வேண்டும், குளத்துக்குப் பம்ப் வேண்டும், பம்புக்கு நான் வேண்டும். நீர்யானை வந்ததால் ஷஅபான் மாதத்தில் வைத்திருந்த என் கல்யாணம் ஷவ்வாலுக்குப் போயிற்று. நெருப்புக்கோழிகள் வந்ததால் ஷவ்வால் போயிற்று. வரிக்குதிரைகள் வந்தபோது பெண்ணின் வாப்பா ஆள் அனுப்பி, மாப்பிள்ளைக்கு அங்கே வேறு ஏதாவது தொடர்பு உண்டா என்று விசாரித்தார். தொடர்பு இருந்தது, நான்கு காலோடு.

ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல், "காக்கா, எனக்கு யானையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச ஆளைப் போட்டுட்டு என்னை விட்ருங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார். "நம்ம மிருக டாக்டர் இருக்காருல்ல, எகிப்துக்காரர், அவர் யாருன்னு நினைச்சே? கோழிப்பண்ணை டாக்டர். நான் ஊர்ல மளிகைக்கடை. யானை தெரிஞ்சவன் எவன்டா இங்க இருக்கான்? நீ மூணு வருஷமா அது பக்கத்துல நிக்கிறே, உன்னைவிடத் தெரிஞ்சவனை நான் எங்க போய்த் தேடுறது?"

கடைசியில் பெண் வீட்டார் இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வேறு இடம் வந்திருந்தது. சிங்கப்பூர் மாப்பிள்ளை, மிருகங்கள் எதுவும் இல்லாதவன். அவள்தான் மாட்டேன் என்றாளாம். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, பந்திக்கு ஓடினவனிடம் அவள் என்னத்தைக் கண்டாளோ. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை வரமுடியாவிட்டால் தன் சார்பில் ஒப்புக்கொள்ள ஒருவரை வக்கீலாக நியமிக்கலாம், மார்க்கத்தில் இடம் உண்டு. வெளிநாட்டில் இருந்தவர்கள் அப்படிச் செய்ததுண்டு. என் தம்பியை நியமிப்பது என்று முடிவாயிற்று.

மேனேஜர் ஆபீஸ் போனில் நான், ஊரில் பள்ளிவாசல் பக்கத்து எஸ்டிடி பூத்தில் நிக்காஹ் நடத்தும் ஹஜ்ரத்தும் சாட்சிகளும். நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வெளியே மயில்கள் ஒப்பாரி வைத்தன.

"அது என்ன சத்தம், தம்பி?" என்றார் ஹஜ்ரத்.

"மயிலு, ஹஜ்ரத்."

"மயிலா? சரி, நீங்க உரக்கச் சொல்லுங்க. சாட்சிகளுக்குக் கேக்கணும்."

என் தம்பியை வக்கீலாக வைக்கிறேன் என்று உரக்கச் சொன்னேன். ஊரில் என் தம்பி மாலையைப் போட்டுக்கொண்டு என் சார்பில் ஒப்புக்கொண்டான், என் சார்பில் பிரியாணியும் சாப்பிட்டான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் அவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் போனை வைத்துவிட்டு நீர்யானைக் குளத்தைக் கழுவப் போனேன். அன்றைக்குக் குளம் கழுவும் முறை என்னுடையது.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் போன். முதல் சில வெள்ளிக்கிழமைகள் 'சாப்பிட்டியா', 'சாப்பிட்டேன்' என்பதிலேயே கார்டு தீர்ந்துபோகும். மெல்ல மெல்ல அவள் கேலி பேச ஆரம்பித்தாள். மச்சான், இன்னிக்கு என்ன புதுசா வந்திருக்கு என்று கேட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். நல்ல குரல். அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருந்தும், பந்தி அவசரத்தில் பார்த்த முகம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

நிக்காஹ் முடிந்த அந்த வருஷத்தில்தான் ஒட்டகச்சிவிங்கி விவகாரம். ஆண் ஒட்டகச்சிவிங்கி ஒன்று முன்பே வந்திருந்தது. அது சரியாகத் தின்னாமல், நாள் முழுக்கச் சுவரை நக்கிக்கொண்டு நின்றது. டாக்டர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, தனிமை, ஜோடி இல்லாத ஏக்கம், இப்படியே விட்டால் செத்துப்போகும் என்றார். கோழி டாக்டராக இருந்தாலும் இந்த ஒன்றைச் சரியாகத்தான் சொன்னார். அர்பாப் அன்றைக்கு அழாத குறை. மிஸ்கீன், மிஸ்கீன் என்று அதன் காலைத் தடவிக்கொண்டே நின்றார். பாவப்பட்ட ஜீவன் என்று அர்த்தம். நான் பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அர்பாப் மாதக்கணக்காக வேறு வேலையே பார்க்கவில்லை. எந்தெந்த நாட்டுக்கோ போன் போட்டார். உடல்நலச் சான்றிதழ், இறக்குமதி அனுமதி, நோய்த்தடுப்பு முத்திரை என்று ஒவ்வொரு ஆபீஸாக அவரே ஏறி இறங்கினார். எவன் முடியாது என்றாலும் அவனுக்கு மேலே இருப்பவனைப் பிடித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து பெண் ஒட்டகச்சிவிங்கி கப்பலில் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் வழியில் கூண்டு தட்டாமல் இருக்க, மின்கம்பிகளைக் கழியால் தூக்கிப் பிடிக்க ஒரு கூட்டமே லாரிக்கு முன்னால் நடந்தது. ஜமாஅத் தலைவர் வீட்டுக் கல்யாண ஊர்வலம் இதற்கு முன்னால் பிச்சை வாங்க வேண்டும்.

ஜோடிக்குத் தனிக் கொட்டகை போடும் வேலை என் தலையில். மெத்து மெத்தென்று மணல் கொட்டச் சொன்னார்கள். வெளிச்சம் அதிகம் கூடாது, சத்தம் கூடாது, புதுசு இல்லையா, கூச்சப்படும், ஒன்றையொன்று பழக விடுங்கள் என்று டாக்டர் உத்தரவு. யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்கச் சுற்றிலும் பச்சைத் துணி கட்டினேன். ரூம்காரர்கள், மாப்பிள்ளை வீட்டு ஆள் நீதானா என்று கிண்டல் செய்தார்கள். நானும் சிரித்தேன். துணியின் முடிச்சு மட்டும் கையில் நிற்காமல் நழுவிக்கொண்டேயிருந்தது.

ஒரு வழியாக ஓப்பனிங் நடந்தது. பலூன், பேண்டு வாத்தியம், பெரிய மனிதர்களின் பேச்சு. குடும்பம் குடும்பமாக ஜனங்கள். குழந்தைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் கூச்சல் போட்டன. அர்பாப் சந்தோஷத்தில் மிதந்தார். என்னையும் காக்காவையும் கூடவே கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாகப் போனார். ஒட்டகச்சிவிங்கிகள் இரண்டும் கழுத்தோடு கழுத்து உரசிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்து மனம் குளிர்ந்துபோய், என் பக்கம் திரும்பி, "தும் ஷாதி?" என்றார்.

கல்யாணம் ஆகிவிட்டது அர்பாப், பெண்டாட்டி ஊரில், கல்யாணத்துக்கு அப்புறம் இன்னும் பார்க்கவில்லை என்று பாதி ஹிந்தியிலும் பாதி அரபியிலும் சொன்னேன்.

பார்க்கவில்லையா? அவருக்குப் புரியவில்லை. போனில் கல்யாணம் என்று சைகை காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "லீவ் லேஷ் மாஃபி?" என்றார். ஏன் லீவு கேட்கவில்லை? நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா தன் செருப்பைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் நான் கேட்ட எந்த லீவும் அந்தச் செருப்பைத் தாண்டி மேலே போகவேயில்லை. நான் தினமும் மனசுக்குள் திட்டித் தீர்த்த அர்பாபுக்கு விஷயமே தெரியாது.

அன்று சாயங்காலம் காக்காவின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "நான் ஊருக்குப் போய் ஏழு வருஷம் ஆச்சுடா" என்றார். "உன்னை அனுப்பினா, அந்தத் தம்பி வந்துட்டான், நீங்க ஏன் வரலைன்னு என் பொண்டாட்டி கேப்பா. நான் என்ன சொல்றது? எனக்கும் கேக்கப் பயமா இருந்துச்சு. இவங்க இல்லாமலும் நடக்குதேன்னு அர்பாபுக்குத் தோணிட்டா, அப்புறம் நாம எதுக்கு?" சட்டையை விட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய?

அர்பாபோ பெரிய மனசுக்காரர். லீவு எதற்கு, அவளையே இங்கே கூட்டி வா என்றார். மாஃபி முஷ்கில், ஒரு கஷ்டமும் இல்லை. ஒட்டகச்சிவிங்கிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ரூமை எங்களுக்கு ஒதுக்கினார். விசாவுக்கு நானே போகிறேன், உன் பாஸ்போர்ட்டைக் கொடு என்றார். பாஸ்போர்ட் அவரிடம்தான் இருந்தது, அதையும் அவரே நினைவுபடுத்திக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் பேச ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. அங்க அம்மிக்கல்லு கிடைக்குமா மச்சான், கருவாடு கொண்டாந்தா பிடிப்பாங்களா, சிங்கம் ராத்திரி கத்துமா? பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடித்தாள். அதில் ஒன்றைத் தபாலில் எனக்கு அனுப்பினாள். மங்கிக்கொண்டிருந்த முகம் மறுபடியும் தெளிவாயிற்று, பார்த்ததைவிட நன்றாக இருந்தாள். ரூமுக்கு வெள்ளையடித்தேன். வெல்டிங் இல்லாமல், திருகு போட்டு ஒரு கட்டில் செய்தேன். என் ஆயுளில் தெரிந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

அர்பாப் நிஜமாகவே ஆபீஸுக்குப் போனார். ஒரு தடவை அல்ல, பல தடவை. கடைசியாகப் போய்விட்டு வந்த அன்று காரிலிருந்து இறங்கி, நான் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தார். லேபர் விசா. லேபருக்கு ஃபேமிலி மாஃபி. தொழிலை மாற்றலாமென்றால் காலேஜ் சான்றிதழ் வேண்டும், சம்பளம் ஒரு அளவுக்கு மேல் வேண்டும். மேலே இருப்பவனைப் பிடித்தும் பார்த்தாராம், கானூன் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம். இரண்டு கையையும் விரித்தார். அவர் வருத்தம் பொய் இல்லை, கண் கலங்கியிருந்தது. காரிலிருந்து ஒரு பெட்டி பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

அப்படியென்றால் லீவாவது கொடுங்கள் என்றேன். கட்டாயம் கொடுக்கிறேன் என்றார். ஆனால் பெண் ஒட்டகச்சிவிங்கி சினையாக இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், அது ஈனுகிறவரை மட்டும் பொறுத்துக்கொள். உன் கைக்குத்தான் அது பழகியிருக்கிறது. ஒட்டகச்சிவிங்கியின் கர்ப்பம் ஏறக்குறைய பதினைந்து மாதம் என்பதை நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை போன் பண்ணினேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். என் விசாவுக்குப் பெண்டாட்டியைக் கூட்டி வர முடியாதாம் என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்து, ஆறுதலுக்கு நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அந்த ஒட்டகச்சிவிங்கிப் பொண்ணு, அது மட்டும் எப்படி வந்துச்சு மச்சான்?"

"அதுக்குத் தனி பெர்மிட்டு."

"பெர்மிட்டுல என்னன்னு எழுதியிருந்துச்சு?"

"காட்சிக்குன்னு."

 நான் நின்ற பூத்தின் கதவை யாரோ தட்டி, சீக்கிரம் என்றார்கள்.

"அப்ப என்னையும் அப்படியே எழுதச் சொல்லுங்க" என்றாள். "நான் கம்பிக்கு உள்ளேயே இருந்துக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன், அவள் வழக்கமான கேலி என்று. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை. அவள் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தபோது, சிரித்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், அங்கேயே அவமானத்தில் குறுகிப்போனேன். போனை வைத்துவிட்டு நேராக அர்பாப் வீட்டுக்குப் போனேன். காக்கா வழியாகப் போகவில்லை. விசாவை கேன்சல் பண்ணுங்கள், என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று கேட்டு, அது கைக்கு வரும்வரை அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.